நிகழ்நேரத் தரவுத்தளங்கள்: பரிவர்த்தனை முறைப்படுத்தலும் உடனிகழ்வுக் கட்டுப்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிகழ்நேரத் தரவுத்தளம் என்றால் மிக வேகமான தரவுத்தளம் என்றுதானே பொருள்?

இல்லை. இந்தத் துறைக்குள் வருகிற மாணவர்களும், பல ஆண்டுகள் தரவுத்தளங்களோடு பழகிய பொறியாளர்களும்கூட முதலில் தடுமாறும் இடம் இதுதான். வேகம் என்பது சராசரியைப் பற்றிய பேச்சு. நிகழ்நேரம் என்பது காலக்கெடுவைப் பற்றிய பேச்சு. பரிவர்த்தனை என்பது, முழுதாக நடக்க வேண்டும் அல்லது நடக்கவே கூடாது என்று ஒன்றாகக் கட்டப்பட்ட தரவுத்தள வேலை. ஆயிரம் பரிவர்த்தனைகளில் 990 பரிவர்த்தனைகளை ஒரு மில்லிவினாடியில் முடித்துவிட்டு, எஞ்சிய பத்தை இரண்டு வினாடி காக்க வைக்கும் தரவுத்தளம் வங்கிக் கணக்குக்குப் போதுமானதாக இருக்கலாம். அந்தப் பத்தில் ஒன்று கொதிகலனின் அழுத்தம் எல்லை மீறியதைப் பதிவு செய்யும் பரிவர்த்தனையாக இருந்தால், மற்ற 990-இன் வேகத்தால் எந்தப் பயனும் இல்லை. ஜான் ஸ்டான்கோவிக் 1988-இல் நிகழ்நேரக் கணிப்பு பற்றிய தவறான கருத்துகளைத் தொகுத்து எழுதியபோது அடித்துச் சொன்னது இதைத்தான்: வேகமான கணினி நிகழ்நேரத் தேவையைத் தானாக நிறைவேற்றிவிடாது, எதிர்பார்த்த நேரத்துக்குள் முடியும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிற தன்மையே தேவை.

பெயரால் வரும் குழப்பம் ஒன்றும் உண்டு. ஃபயர்பேஸ் ரியல்டைம் டேட்டாபேஸ் போன்ற சேவைகளில் ‘ரியல்டைம்’ என்ற சொல், ஒருவர் செய்த மாற்றம் மற்றவர்களின் திரைகளில் உடனே தெரிகிறது என்பதைக் குறிக்கிறது. அது பயனுள்ள வசதிதான். ஆனால் அங்கே பரிவர்த்தனைக்குக் காலக்கெடு கிடையாது. இந்தப் பக்கம் பேசுவது காலக்கெடு உள்ள பரிவர்த்தனைகளைப் பற்றி மட்டுமே.

காலக்கெடு தவறினால் என்ன ஆகும்?

அதைப் பொறுத்தே பரிவர்த்தனைகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். தவறினால் பேரிழப்பு நேரும் என்றால் அது கடுமையான காலக்கெடு. தவறிய பிறகு அந்த வேலையைச் செய்து பயனில்லை, தூக்கி எறிந்துவிடலாம் என்றால் அது உறுதியான காலக்கெடு. தாமதமாக முடிந்தாலும் ஓரளவு மதிப்பு மிஞ்சும் என்றால் அது மென்மையான காலக்கெடு. இந்தப் பிரிவினை பாடப்புத்தகச் சடங்குபோலத் தோன்றலாம். ஆனால், தாமதமான பரிவர்த்தனையைத் தூக்கி எறிகிறோமா, இழுத்துக்கொண்டு போகிறோமா என்ற ஒரே முடிவு, எந்த உடனிகழ்வுக் கட்டுப்பாட்டு முறை சிறந்தது என்ற விடையையே தலைகீழாக மாற்றிவிடும். அதைப் பின்னால் எண்களோடு காட்டுகிறேன்.

வழக்கமான தரவுத்தளத்தின் பூட்டு வரிசையில் என்ன குறை?

உடனிகழ்வுக் கட்டுப்பாடு என்பது, ஒரே நேரத்தில் ஓடும் பல பரிவர்த்தனைகள் ஒன்றின் தரவை மற்றொன்று குழப்பிவிடாமல் காக்கும் ஏற்பாடு. வழக்கமான தரவுத்தளங்கள் இதற்கு 1976-இல் எஸ்வரன், கிரே, லோரி, டிரெய்கர் ஆகியோர் வரையறுத்த இருகட்டப் பூட்டு முறையை நெடுங்காலமாக நம்பியிருக்கின்றன. பூட்டு என்பது, ஒரு தரவைத் தான் பயன்படுத்தும்போது மற்றவை அதைத் தொடாதபடி பிடித்துவைப்பது. ஒரு பரிவர்த்தனை தேவையான பூட்டுகளைப் பெற்றுக்கொண்டே போகும். ஒரு பூட்டை விட்டுவிட்ட பிறகு புதிய பூட்டு எதையும் கேட்காது. இதனால், எல்லாப் பரிவர்த்தனைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் விளைவே கிடைக்கும். முறையில் தவறில்லை. பூட்டுக்காகக் காத்திருப்பவர்களை யார் முதலில் வந்தார்களோ அவருக்கே முதலில் என்று நிறுத்தும்போதுதான் சிக்கல் வருகிறது, ஏனென்றால் அந்த வரிசைக்கு அவசரம் என்ற ஒன்றே தெரியாது.

விளைவு முன்னுரிமைத் தலைகீழ் நிலை. அவசரமில்லாத ஒரு வேலை பூட்டைக் கையில் வைத்திருக்கிறது. அவசரமான வேலை அதற்காகக் காத்து நிற்கிறது. இடையில் நடுத்தர அவசரமுள்ள மூன்றாவது வேலை வந்து, பூட்டு வைத்திருப்பவரிடமிருந்து சிபியுவைப் பிடுங்கிக்கொள்கிறது. அந்தப் பூட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்றாவது வேலைக்காக முதன்மையான வேலை காலவரையின்றிக் காத்திருக்க நேர்கிறது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்பத் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டதற்குக் காரணம் இதுவே. வானிலைத் தகவல் திரட்டும் தாழ்ந்த பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது, நடுத்தரப் பணிகள் அதை ஓடவிடவில்லை, தரவுப் பாதையைக் கவனிக்கும் உயர்ந்த பணி நேரத்துக்கு முடியவில்லை, அதைக் கண்ட காவல் ஏற்பாடு கணினியை மறுதொடக்கம் செய்தது. பூமியிலிருந்து அனுப்பிய சிறிய மாற்றம் ஒன்று, அந்தப் பூட்டில் அணைத்து வைத்திருந்த முன்னுரிமை மரபுரிமை வசதியை (பூட்டு வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தருவது) இயக்கிவிட்டதும் சிக்கல் தீர்ந்தது. அது தரவுத்தளம் அல்ல; ஆனால் பூட்டும் அவசரமும் மோதும் இடம் இரண்டிலும் ஒன்றேதான்.

உணரியின் மதிப்பை எத்தனை முறை புதுப்பிக்க வேண்டும்?

வங்கி இருப்பு யாரும் தொடாதவரை சரியாகவே இருக்கும். கொதிகலனின் அழுத்த அளவோ யாரும் தொடாமலே பழசாகிவிடும், ஏனென்றால் வெளியுலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே நிகழ்நேரத் தரவுக்கு ஒரு செல்லுபடிக் காலம் உண்டு. இரண்டு உணரிகளின் அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடும்போது அவை இரண்டும் ஏறக்குறைய ஒரே தருணத்தில் எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்ற சார்பு நிபந்தனையும் சேர்ந்துகொள்ளும். தரவுத்தளத்தின் சரித்தன்மை என்பதற்குள் நேரமும் நுழைந்துவிடுகிற இடம் இது.

செல்லுபடிக் காலம் 400 மில்லிவினாடி என்றால் 400-க்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்றே தோன்றும். போதாது. ஒரு சுற்றில் புதுப்பிப்பு தொடக்கத்திலேயே ஓடி, அடுத்த சுற்றில் வேலை நெருக்கடியால் கடைசியில் ஓடினால், இரண்டு அளவுகளுக்கும் இடைப்பட்ட நேரம் ஏறக்குறைய 800 மில்லிவினாடி ஆகிவிடும். அதில் பாதி நேரம் தரவுத்தளத்தில் இருப்பது காலாவதியான மதிப்பு. அதனால் பழைய வழக்கம் பாதிக்குப் பாதி: 200 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அந்த 200-க்குள் முடிக்க வேண்டும். ஒரு புதுப்பிப்புக்கு 20 மில்லிவினாடி தேவை என்றால், இந்த ஓர் உணரியே சிபியுவில் 10 விழுக்காட்டைத் தின்றுவிடும்.

மிங் ஷியோங்கும் கிருதி ராமாமிர்தமும் 1999-இல் முன்வைத்த ‘கூட-குறைய’ முறை இதைச் சிக்கனப்படுத்துகிறது. சுற்றுக் காலமும் காலக்கெடுவும் சேர்ந்து செல்லுபடிக் காலத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் உண்மையான நிபந்தனை. இரண்டையும் சமமாகப் பங்கிட வேண்டிய கட்டாயம் இல்லை. சுற்றை 300 ஆக நீட்டி, காலக்கெடுவை 100 ஆகச் சுருக்கினால் கூட்டு அதே 400; ஆனால் சிபியுச் செலவு 6.7 விழுக்காடாகக் குறைகிறது. ஐம்பது உணரிகள் உள்ள இடத்தில் இந்த வேறுபாடு, கூடுதல் கணினி வாங்குவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்யும். காலக்கெடு இறுகிவிட்டபடியால் எல்லாப் புதுப்பிப்புகளும் அதற்குள் முடியுமா என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

காலக்கெடு முந்தியதை முதலில் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடாதா?

சுமை தாங்கக்கூடிய அளவில் இருக்கும்வரை ஆகும். ஒரே செயலியில், இடைமறித்து நிறுத்தக்கூடிய வேலைகளுக்கு, எந்த வரிசையிலாவது எல்லாம் நேரத்துக்கு முடியும் என்றால் முந்திய காலக்கெடு முறையிலும் முடியும் என்பது நிறுவப்பட்ட முடிவு. லியூவும் லேலண்டும் 1973-இல், சுற்றுமுறையில் வரும் வேலைகளுக்கு இந்த முறையால் செயலியை 100 விழுக்காடு வரை நிரப்ப முடியும் என்று காட்டினார்கள்.

சுமை மிஞ்சும்போது இதே முறை மோசமாகச் சறுக்குகிறது. ஒரு சிறிய கணக்கு. முதல் பரிவர்த்தனை 0-ஆவது மில்லிவினாடியில் வருகிறது. அதற்கு 10 மில்லிவினாடி வேலை, காலக்கெடு 16. இரண்டாவது 7-இல் வருகிறது. வேலை 8, காலக்கெடு 15. மூன்றாவது 12-இல் வருகிறது. வேலை 2, காலக்கெடு 14. முந்திய காலக்கெடு முறை 7-இல் முதலாவதை நிறுத்திவிட்டு இரண்டாவதை எடுக்கிறது, 12-இல் அதையும் நிறுத்திவிட்டு மூன்றாவதை எடுக்கிறது. மூன்றாவது 14-இல் முடிகிறது. இரண்டாவதற்கு இன்னும் 3 வேண்டும், இருப்பதோ 1. அதற்குப் பிறகு முதலாவதற்கும் நேரம் போதாது. மூன்றில் ஒன்றுதான் தேறியது. கையில் எடுத்த முதலாவதை முடித்துவிட்டு நகர்ந்திருந்தால் அது 10-இல் முடிந்திருக்கும். இரண்டாவதை இழந்து, மூன்றாவதையும் காப்பாற்றியிருக்கலாம். சாகப்போகிற பரிவர்த்தனைக்கே இந்த முறை உயர்ந்த இடத்தைக் கொடுத்து, பிழைக்கக்கூடியவற்றையும் பட்டினி போடுகிறது.

இதற்கு ஜயந்த் ஹரித்சா, மிரோன் லிவ்னி, மைக்கேல் கேரி ஆகியோர் 1991-இல் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. வருகிற பரிவர்த்தனைகளைக் குருட்டுப்போக்கில் இரு குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழு காலக்கெடுப்படி ஓடும். மற்றது மிச்ச நேரம் இருந்தால் மட்டும் ஓடும். முதல் குழுவின் அளவை, அதில் எத்தனை நேரத்துக்கு முடிகின்றன என்பதைப் பார்த்துப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். சுமை குறைவாக இருந்தால் எல்லாமே முதல் குழுவுக்குள் வந்துவிடும், சுமை ஏறினால் அது தானாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எவ்வளவு நேரம் வேண்டும் என்று முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை என்பதே இதன் அழகு, ஏனென்றால் தரவுத்தளத்தில் அந்த எண் நமக்குத் தெரிவதே இல்லை.

உயர்ந்த பரிவர்த்தனை கேட்கும் பூட்டைத் தாழ்ந்தது வைத்திருந்தால் காக்க வேண்டுமா, கொன்றுவிட வேண்டுமா?

காத்திருப்பதென்றால் முன்னுரிமை மரபுரிமை. பூட்டை வைத்திருப்பவர், காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெற்று விரைந்து முடிக்கிறார். லுயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி ஆகியோர் 1990-இல் வெளியிட்ட கட்டுரை இதன் அடித்தளம். ராஜ்குமார் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர் என்பதும், மேலே சொன்ன ராமாமிர்தமும் ஹரித்சாவும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் என்பதும் இந்தப் பாடத்தை நடத்தும்போது நான் தவறாமல் சொல்லும் செய்திகள்.

இயங்குதளத்தில் பூட்டு சில மைக்ரோவினாடிகள்தான் பிடிபட்டிருக்கும். மரபுரிமை அங்கே நன்றாக வேலை செய்கிறது. தரவுத்தளத்தில் பூட்டு பரிவர்த்தனை முடியும்வரை பிடிபட்டிருக்கும், முடியும் நேரமும் தெரியாது. தாழ்ந்த பரிவர்த்தனை இப்போதுதான் தொடங்கியிருந்தால், அதன் முழு ஆயுளும் முடியும்வரை உயர்ந்தது காத்திருக்க வேண்டும். பூட்டுக்குப் பூட்டு மரபுரிமை தாவத் தாவ, கடைசியில் பெரும்பாலான பரிவர்த்தனைகள் ஒரே உயர்ந்த முன்னுரிமையில் வந்து நின்று, முன்னுரிமை என்பதற்கே பொருளில்லாமல் போய்விடும்.

கொல்வதென்றால், ராபர்ட் அபாட்டும் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் 1988-இல் ஆராய்ந்த உயர்முன்னுரிமைப் பூட்டு முறை. தாழ்ந்ததை உடனே முறித்துப் பின்வாங்கச் செய்து, பூட்டை உயர்ந்ததற்குக் கொடுத்துவிடுவார்கள். முன்னுரிமைகள் நடுவில் மாறாமலும் ஒன்றுக்கொன்று சமமாகாமலும் இருந்தால் இதில் டெட்லாக் (ஒன்றுக்காக மற்றொன்று காத்து நின்று எல்லாமே முடங்குவது) வரவே வராது, ஏனென்றால் உயர்ந்தது ஒருபோதும் தாழ்ந்ததற்காகக் காத்திருப்பதில்லை. செய்த வேலை வீணாவதே இதன் விலை. ஜியான்டாங் ஹுவாங்கும் அவருடைய குழுவினரும் 1991-இல் சொன்ன இடைவழி நடைமுறைக்கு உகந்தது: தாழ்ந்தது முடியும் தறுவாயில் இருந்தால் முன்னுரிமையைக் கொடுத்து முடிக்கவிடு, இல்லையென்றால் முறித்துவிடு.

எந்தப் பரிவர்த்தனை எந்தெந்தத் தரவைத் தொடும் என்பது முன்பே தெரிந்திருந்தால் முன்னுரிமை உச்சவரம்பு முறை உண்டு. அதில் ஒரு பரிவர்த்தனை அதிகபட்சம் தாழ்ந்த ஒன்றுக்காக மட்டுமே காத்திருக்க நேரும். கட்டுப்பாட்டுக் கருவிகளில் இது கைகொடுக்கும். பயனர் விரும்பிய கேள்வியைத் தட்டச்சு செய்து கேட்கிற அமைப்பில் உதவாது.

பூட்டே போடாத நம்பிக்கை முறை நிகழ்நேரத்தில் எப்படி வென்றது?

நம்பிக்கை முறையைக் குங்கும் ராபின்சனும் 1981-இல் முன்வைத்தார்கள். பரிவர்த்தனை பூட்டு எதுவும் கேட்காமல் தன் சொந்தப் படியில் வேலையைச் செய்துகொண்டு போகும்; கமிட் செய்யும், அதாவது மாற்றங்களை இறுதியாக்கும் தருணத்தில் மட்டும் மோதல் உண்டா என்று சரிபார்க்கும். மோதல் அரிதென்றால் இது ஆதாயம். மோதல் மிகுந்தால், முழு வேலையையும் முடித்த பிறகு தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். 1987-இல் ரகேஷ் அகர்வால், கேரி, லிவ்னி மூவரும் அதுவரை ஒன்றுக்கொன்று முரணாக வந்த ஆய்வு முடிவுகளை அலசி, முரண்பாட்டின் வேர் எங்கே என்று காட்டினார்கள். சிபியுவும் வட்டும் அளவற்றுக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டவர்களுக்கு மறுதொடக்கம் செய்யும் முறைகள் வென்றன. அளவோடுதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டவர்களுக்குக் காத்திருக்கும் முறைகள் வென்றன. உண்மைக் கணினிகளில் வளம் அளவோடுதான் இருக்கும் என்பதால், பூட்டே சிறந்தது என்ற முடிவு ஊன்றியது.

1990-இல் ஹரித்சா, கேரி, லிவ்னி மூவரும் உறுதியான காலக்கெடுவுக்கு அதே ஒப்பீட்டைச் செய்தபோது, வளம் அளவோடு இருந்தும் பரவலான சுமைகளில் நம்பிக்கை முறை வென்றது. அவர்கள் எடுத்துக்கொண்ட வடிவத்தில், கமிட் ஆகிற பரிவர்த்தனை தன்னோடு மோதுகிற, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மற்றவற்றை முறித்துத் தொடக்கத்துக்கு அனுப்பும். காரணத்தை ஒரு கணக்கில் நெருக்கமாகப் பார்க்கலாம்.

ஒரே சிபியு; தரவு முழுவதும் நினைவகத்தில். பரிவர்த்தனை க, 0-இல் தொடங்குகிறது; வேலை 10 மில்லிவினாடி, காலக்கெடு 28; அது அழுத்தப் பதிவேட்டின் ஒரு வரியைத் தொட்டிருக்கிறது. 8-ஆவது மில்லிவினாடியில் ச வருகிறது. வேலை 10, காலக்கெடு 20, அதே வரி அதற்கும் வேண்டும். 14-இல் ப வருகிறது. வேலை 5, காலக்கெடு 19, வேறொரு வரி.

உயர்முன்னுரிமைப் பூட்டு முறையில், ச வந்த கணமே க முறிக்கப்படுகிறது. 8 மில்லிவினாடி வேலை போயிற்று. ச 6 மில்லிவினாடி ஓடியதும் ப வந்து சிபியுவை எடுத்துக்கொண்டு 19-இல் முடிக்கிறது. ச-வுக்கு இன்னும் 4 வேண்டும், காலக்கெடுவுக்கு இருப்பது 1. 20-இல் அது தூக்கி எறியப்படுகிறது. க முதலிலிருந்து தொடங்கினால் 30-இல் முடியும், அதன் காலக்கெடுவோ 28. மூன்றில் ஒன்று தேறியது.

நம்பிக்கை முறையில், ச வரும்போது க-விடமிருந்து சிபியுவை மட்டும் எடுத்துக்கொள்கிறது, அதைக் கொல்லவில்லை. ப 19-இல் முடிகிறது. ச 20-இல் தூக்கி எறியப்படுகிறது. அது கமிட் ஆகவே இல்லை என்பதால் அதனால் யாருக்கும் பாதிப்பில்லை. க விட்ட இடத்திலிருந்து எஞ்சிய 2 மில்லிவினாடியை ஓட்டி 22-இல் முடிக்கிறது. மூன்றில் இரண்டு தேறியது.

பூட்டு முறையில் க-வைக் கொன்ற ச தானும் பிழைக்கவில்லை. அந்தக் கொலை வீண். நம்பிக்கை முறையில் ஒரு பரிவர்த்தனை மற்றொன்றை முறிப்பது தான் கமிட் ஆகும் தருணத்தில்தான். முறிப்பது நிச்சயமாகக் கரை சேர்ந்துவிட்ட ஒன்று என்பதால் வீண் முறிப்பு நேர வழியே இல்லை. தாமதமானவற்றைத் தூக்கி எறியாத அமைப்பில் ச எப்படியும் ஒரு நாள் முடியும், இந்த ஆதாயம் கிடைக்காது. காலக்கெடுவின் வகை விடையைத் தலைகீழாக்கும் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

அப்படியானால் எங்கும் நம்பிக்கை முறையையே பயன்படுத்தலாமா?

கூடாது. முதலாவதாக, மேலே சொன்ன முறை அவசரத்தைக் கவனிப்பதே இல்லை. அவசரமில்லாத ஒன்று கமிட் ஆகும்போது, முடியும் தறுவாயில் இருக்கும் அவசரமான ஒன்றை முறித்துவிடக்கூடும். இதற்காகவே ஹரித்சா, கேரி, லிவ்னி மூவரும் ‘காத்திரு-50’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள்: கமிட் ஆக வந்தது, தன்னோடு மோதுகிறவற்றில் பாதியோ அதற்கு மேலோ தன்னைவிட அவசரமானவை என்றால் காத்திருக்கும், குறைவென்றால் காத்திராமல் முடித்துக்கொள்ளும். எப்போதும் விட்டுக்கொடுத்தால் காத்திருப்பவை குவிந்து மோதல் பெருகும், எப்போதுமே விட்டுக்கொடுக்காவிட்டால் அவசரத்துக்கு மதிப்பில்லை. பாதி என்ற அளவு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

இரண்டாவதாக, சரிபார்ப்பு இலவசமல்ல. 1990-இன் முடிவுகள் பாவனையாக்கத்தில் (சிமுலேஷனில்) கிடைத்தவை. ஹுவாங் குழுவினர் 1991-இல் உண்மையான சோதனைத் தரவுத்தளத்தில் ஓட்டிப் பார்த்தபோது, சரிபார்ப்பைச் செயல்படுத்தும் விதமே முடிவைப் பெரிதும் மாற்றுவதைக் கண்டார்கள். மூன்றாவதாக, நீண்ட அறிக்கைப் பரிவர்த்தனைகள் நம்பிக்கை முறையில் கரைசேர்வதே கடினம். அவற்றுக்குப் பழைய பதிப்புகளைப் படிக்கவிடும் பலபதிப்பு முறையே பொருத்தம். கடுமையான காலக்கெடு உள்ள இடத்தில் எத்தனை முறை மறுதொடக்கம் நேரும் என்று உச்சவரம்பு சொல்ல முடியாத எந்த முறையும் ஏற்கத்தக்கதல்ல. அங்கே மேலே சொன்ன முன்னுரிமை உச்சவரம்பு முறைதான்.

வட்டில் இருக்கும் தரவுக்கு?

வட்டுக்குக் காத்திருக்கும் நேரம் மேலே கணக்கிட்ட எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆகவே கடுமையான காலக்கெடு உள்ள தரவு நினைவகத்தில்தான் இருக்க வேண்டும். கமிட் பதிவை மட்டும் வட்டில் எழுத வேண்டியிருந்தால், அந்த எழுத்தின் மிக மோசமான நேரத்தைக் காலக்கெடுவிலிருந்து முதலிலேயே கழித்துவிட வேண்டும். ஒரு சில வினாடிகளில் காலாவதியாகும் உணரி மதிப்புக்குக் கமிட் பதிவே தேவையில்லை என்பது பலருக்குத் தோன்றாத எளிய சேமிப்பு.

பல கணினிகளில் பரவிய தரவுத்தளத்தில்?

ஒரு பரிவர்த்தனையை எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக முடிக்க, முதலில் சம்மதம் கேட்டுப் பிறகு முடிவைச் சொல்லும் இருகட்டக் கமிட்டின்போது, எல்லாத் தளங்களும் சம்மதம் சொல்லிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் பூட்டுகள் உறைந்து கிடக்கும். எவ்வளவு அவசரமான பரிவர்த்தனை வந்தாலும் அவற்றை முறிக்க முடியாது. ஹரித்சா, ராமாமிர்தம், ரமேஷ் குப்தா மூவரும் வகுத்த ‘பிராம்ப்ட்’ நெறிமுறை, இந்த நிலையில் இருக்கும் தரவைக் கமிட் ஆகும் முன்பே மற்றவருக்குக் கடனாகக் கொடுக்கிறது. சம்மதம் சொன்னவை பெரும்பாலும் கமிட் ஆகிவிடும் என்ற நம்பிக்கையே அதன் பிணை. கடன் வாங்கியது, கொடுத்தவர் முடியும்வரை கமிட் ஆகாது என்பதால், முறிவுச் சங்கிலி நீளாமல் ஒரு படியோடு நிற்கும்.

எங்களிடம் இருப்பது போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும்தான். இவற்றைக் கொண்டு எதைச் செய்ய முடியும்?

கடுமையான காலக்கெடுவுக்கு இவை உரியவை அல்ல. பரிவர்த்தனையிடம் ‘உன் காலக்கெடு என்ன’ என்று கேட்டு அதன்படி முன்னுரிமை தரும் ஏற்பாடு இரண்டிலும் கிடையாது. உறுதியான, மென்மையான காலக்கெடுகளுக்கு ஓரளவு நெருங்கலாம்.

முதல் வேலை, இயல்பாக வரும் காத்திருப்பு எல்லைகளை மாற்றுவது. மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில் பூட்டுக்காகக் காத்திருக்கும் இயல்பான எல்லை 50 வினாடி. போஸ்ட்கிரெஸில் பூட்டுக் காத்திருப்புக்கு இயல்பாக எல்லையே இல்லை. டெட்லாக் உண்டா என்று பார்ப்பதற்கே அது ஒரு வினாடி பொறுக்கும். 200 மில்லிவினாடி காலக்கெடு உள்ள பரிவர்த்தனைக்கு இந்த எண்கள் எல்லாமே பொருளற்றவை. போஸ்ட்கிரெஸில் லாக் டைம்அவுட், ஸ்டேட்மென்ட் டைம்அவுட் இரண்டையும் இணைப்புக்கு இணைப்பு வெவ்வேறாக வைக்கலாம். 17-ஆவது பதிப்பிலிருந்து பரிவர்த்தனை முழுமைக்குமே எல்லை வைக்கலாம். தாமதமானதைத் தூக்கி எறிவது என்ற கொள்கை இப்படித்தான் நடைமுறைக்கு வருகிறது.

இங்கே ஒரு பொறி உண்டு, நான் இரண்டு நாள் தேடி அலைந்தது. இன்னோடிபியில் பூட்டுக் காத்திருப்பு எல்லை தாண்டினால், இயல்பான அமைப்பில் அந்த ஒரு கட்டளை மட்டுமே பின்வாங்கும். பரிவர்த்தனை உயிரோடு இருக்கும், அதற்கு முன் பெற்ற பூட்டுகளும் அதன் கையிலேயே இருக்கும். ஓர் ஆலையின் கண்காணிப்பு மென்பொருளில், பிழையைப் பிடித்த நிரல் ரோல்பேக் (பரிவர்த்தனை முழுவதையும் பின்வாங்கச் செய்யும் கட்டளை) சொல்லாமல் அதே கட்டளையை மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்தது. அது பிடித்திருந்த வேறொரு வரிக்காக எச்சரிக்கை எழுதும் பரிவர்த்தனைகள் வரிசையில் நின்றன. ஒரு ரோல்பேக் வரி சேர்த்ததும் வரிசை கரைந்தது.

மைஎஸ்க்யூஎல் 8.0-இல் பூட்டு வழங்கும் முறையே மாறிவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலில் என்பதற்குப் பதிலாக, எந்தப் பரிவர்த்தனைக்குப் பின்னால் அதிகம் பேர் காத்து நிற்கிறார்களோ அதற்கு முதலிடம் தருகிறார்கள். காலக்கெடுவை இது அறியாது என்றாலும், நெருக்கடி நேரத்தில் மிக நீண்ட காத்திருப்புகளைக் குறைக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் டெட்லாக் நேரும்போது யாரைப் பலி கொடுப்பது என்பதற்கு மட்டும் −10 முதல் 10 வரை முன்னுரிமை சொல்லலாம். அவசரமான இணைப்புகளுக்கு உயர்ந்த எண் கொடுப்பது செலவில்லாத முன்னேற்றம்.

எஞ்சியது நிரலில்தான் இருக்கிறது. அவசர வேலைக்குத் தனி இணைப்புத் தொகுப்பு ஒதுக்குங்கள். அறிக்கை எழுதும் நீண்ட கேள்விகளைப் பிரதிக் கணினிக்கு அனுப்புங்கள். பலரும் போட்டியிடும் சூடான வரியைத் தொடும் கட்டளையைப் பரிவர்த்தனையின் கடைசிக்குத் தள்ளுங்கள். பூட்டு பிடிபட்டிருக்கும் நேரம் அப்போது மிகவும் சுருங்கும். முறை மாற்றங்கள் எல்லாவற்றையும்விட இந்தக் கடைசி ஒன்று அதிகப் பலன் தந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

செயல்திறனை எப்படி அளப்பது?

வினாடிக்கு எத்தனை பரிவர்த்தனை என்பதை வைத்து அல்ல. வந்தவற்றில் எத்தனை விழுக்காடு காலக்கெடுவைத் தவறவிட்டன என்பதே முதன்மை அளவு. பரிவர்த்தனைகளுக்கு வெவ்வேறு மதிப்பு உண்டென்றால், தவறவிட்ட மதிப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்காணிப்பு அமைப்பில் மூன்றாவதாக ஒன்று: படிக்கப்பட்ட உணரி மதிப்புகளில் எத்தனை விழுக்காடு காலாவதியானவை.

சுமை கொடுக்கும் விதத்தில்தான் பெரும்பாலான சோதனைகள் பொய்த்துப்போகின்றன. நூறு போலிப் பயனர்களை வைத்து, ஒருவருக்குப் பதில் கிடைத்த பிறகே அவருடைய அடுத்த பரிவர்த்தனையை அனுப்பும் சோதனை, தரவுத்தளம் திணறும்போது சுமையையும் தானே குறைத்துவிடுகிறது. உணரிகள் அப்படிப் பொறுக்காது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த அளவை அனுப்பிவிடும். ஆகவே வருகை வீதத்தை நிலையாக வைத்து, பதிலுக்குக் காத்திராமல் அனுப்ப வேண்டும். காத்திருப்பு நேரத்தையும், பரிவர்த்தனை உண்மையில் அனுப்பப்பட்ட கணத்திலிருந்து அளக்காமல், அனுப்பப்பட்டிருக்க வேண்டிய கணத்திலிருந்து அளக்க வேண்டும்.

வருகை வீதத்தைப் படிப்படியாக ஏற்றி, தவறும் விழுக்காட்டை ஒவ்வொரு படியிலும் குறியுங்கள். இரண்டு முறைகளை ஒப்பிடும்போது தாழ்ந்த சுமையில் கோடுகள் ஏறக்குறைய ஒட்டியே போகும். வளையத் தொடங்கும் இடமும், அதற்குப் பிறகு எவ்வளவு செங்குத்தாக ஏறுகின்றன என்பதும்தான் பார்க்க வேண்டியவை. முந்திய காலக்கெடு முறையின் கோடு நெடுநேரம் தாழ்வாகப் போய்ச் சட்டென்று செங்குத்தாக ஏறும். அந்தத் திருப்பம் உங்கள் ஆலையின் உச்ச நேரச் சுமைக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு, முறிக்கப்பட்ட பரிவர்த்தனைகளை எண்ணி, அவற்றை முறித்தவற்றில் எத்தனை பின்னர் தாமே காலக்கெடுவைத் தவறவிட்டன என்றும் தனியாகக் குறியுங்கள். அந்த எண் பெரிதாக இருந்தால், கூடுதல் கணினி வாங்குவதற்கு முன்பே உங்கள் பூட்டு முறையை மாற்றிப் பார்க்கலாம்.